கி-207

முந்நூற்றுப் பன்னிரண்டு ஆழ்துளைக் கிணறுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒன்பது பத்தி:
ஆழம், உப்பு, குளோரைடு,
கடலிலிருந்து எவ்வளவு தூரம்,
வாய்க்கால் தலைப்பிலிருந்து எவ்வளவு தூரம்,
மோட்டாரின் குதிரைத்திறன், எத்தனை போகம்,
மேட்டூர் திறந்து எத்தனையாம் நாள் அங்கே தண்ணீர் எட்டியது,
ஆண்டு.

என்னிடம் இருப்பதோ
திருவாரூர் அலுவலகத்தின் பதினான்கு அங்குலத் திரை.
அதற்கு அகலம் உண்டு, உயரம் உண்டு.
அவ்வளவுதான் உண்டு.

அதனால் பேரம் பேசினேன்.
கடல் தூரத்தைக் கிடையாகப் படுக்கவைத்தேன்.
உப்பை நிமிர்த்தி நிறுத்தினேன்.
ஆழத்தைப் புள்ளியின் பருமனாக்கினேன்.
ஒருபோகத்துக்குக் காவி, இருபோகத்துக்குப் பச்சை.
தரிசுக்கு என்ன நிறமென்று தெரியாமல்
சாம்பல் கொடுத்து
பிறகு மனசு கேட்காமல் நீலமாக்கினேன்.
ஆண்டை மட்டும் எங்கேயும் உட்காரவைக்க முடியவில்லை.
அதைக் கீழே ஒரு ஸ்லைடரில் கட்டினேன்.

இரண்டாயிரத்துப் பத்திலிருந்து இழுக்க இழுக்க
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
புள்ளிகள் ஒவ்வொன்றாய் மேலே ஏறின,
புதுத்தண்ணிக்குக் கெண்டை ஏறுவது மாதிரி.
இது புதுத்தண்ணி இல்லை.
திரும்ப இழுத்தேன், இறங்கின.
கடல் பின்வாங்கியது.
பன்னிரண்டு வருஷத்தை ஒரு விரலில் வைத்து
முன்னும் பின்னும் ஓட்டியதில்
யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

பிறகு ஒன்பது பத்தியையும்
ஒன்பது வேலிக்கால்களாக நட்டேன்.
ஒரு கிணற்றுக்கு ஓர் இழை,
காலுக்குக் கால் தாவிப் போகும்.
முந்நூற்றுப் பன்னிரண்டும் சேர்ந்ததும்
உதறிப்போட்ட வைக்கோல்.
கால்களைப் பிடுங்கி இடம் மாற்றினேன்.
குதிரைத்திறன் உப்புக்குப் பக்கத்தில்: ஒன்றுமில்லை.
தண்ணீர் எட்டிய நாள் உப்புக்குப் பக்கத்தில்:
வைக்கோல் தானாகவே கற்றையானது.
தண்ணீர் தாமதித்த ஊரில்
உப்பு தாமதிக்கவில்லை.

கடலோரத்தை மட்டும் மவுஸால் வளைத்தேன்.
மற்றவை மங்கின.
வளைத்த இழையெல்லாம் உப்பின் உச்சிக்குப் போக
ஒன்றே ஒன்று மட்டும்
அடியில் போய்த் தொட்டது.
அம்பை மேலே நிறுத்தினேன், பெட்டி திறந்தது.
கி-207. தலைஞாயிறு பக்கம். அறுபது அடி.
கடல் ஏழு கிலோமீட்டர்.
உப்பு: எண்பது.

எண்பதா? அங்கேயா?
"ஒத்தப் புள்ளிக்காக ரிப்போர்ட்ட நிறுத்தாதீங்க,
தூக்கிடுங்க" என்றார் சண்முகவடிவு மேடம்.

தண்ணீர் பிடித்துவந்த பக்கிரிசாமியைப் போனில் பிடித்தேன்.
வண்டியை ஓரங்கட்டி, காற்று இரைச்சலில் யோசித்து,
"அந்த வூடா? அன்னைக்கு மோட்டார் ரிப்பேருங்க.
அந்தம்மா உள்ள போயி
ஒரு சொம்பு எடுத்தாந்து பாட்டில்ல ஊத்துனாங்க."
எங்கேயிருந்து?
"கேன் தண்ணிதாங்க.
எங்க தண்ணி வாயில வைக்க முடியாது சார்,
ஆபீசு வரைக்கும் போறத
எப்புடி அதுல குடுக்கிறதுன்னு கேட்டாங்க.
எனக்கும் அது சரின்னுதாங்க பட்டுச்சு."

சிரித்தேன். மேடத்திடம் சொல்லப் போய்
பாதி வழியில் சொல்லாமல் திரும்பினேன்.

தூக்கவில்லை.
தரிசுக்குக் கொடுத்துப் பிடுங்கிய சாம்பல்
இன்னும் மிச்சமிருந்தது, அதைக் கொடுத்தேன்.
பெட்டிக்குள் ஒரு வரி சேர்த்தேன்:
கேன் தண்ணீர், இருபது லிட்டர், முப்பத்தைந்து ரூபாய்.

செவ்வாய்க்கிழமை பக்கிரிசாமி மறுபடி போகிறான்.
மோட்டார் ஓடினால்
அந்தப் புள்ளி எவ்வளவு உயரம் ஏறுமென்று
பக்கத்துக் கிணறுகளே சொல்லிவிட்டன.
அதுவரை அங்கேயே கிடக்கட்டும்,
எல்லாவற்றுக்கும் கீழே,
கடலுக்கு ஏழு கிலோமீட்டரில்,
குடிக்கிற மாதிரி.